வெயிலைப் பார்த்த கோல்

பந்து இப்போது அந்தக் கோடியில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும், அங்கேயே குடித்தனம் நடத்தட்டும், இந்தப் பக்கம் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஒன்றுக்குப் பூஜ்யம். ஒன்று எங்களுடையது, பூஜ்யம் டோல்கேட் பிரதர்ஸுடையது. மனதுக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் நாக்கு அதைத் திருப்பிப் போட்டுத்தான் சொல்கிறது, டோல்கேட்டிடம் வருஷா வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டே பழகிப்போன நாக்கு. உப்புக்கிடங்கு ரோவர்ஸுடன் ஆட்டம் என்றால் மற்ற கிளப்புக்காரர்களுக்கு ஒரு நிம்மதி, வந்தோமா, பாயிண்டை வாங்கினோமா, டீயைக் குடித்தோமா என்று போய்விடலாம். அப்படிப்பட்ட நாங்கள் ஒன்று, அவர்கள் பூஜ்யம். அந்த ஒன்றையும் நாங்கள் அடித்தோம் என்று சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. அவர்களுடைய கீப்பர் தூக்கி உதைத்த பந்து, வேர்வையைத் துடைக்கத் திரும்பி நின்ற எங்கள் கேப்டன் மதியழகனின் முதுகில் பட்டு, அவன் என்னவென்று திரும்பிப் பார்ப்பதற்குள் உருண்டு உள்ளே போய்விட்டது. ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டியபோது மதி யாரிடமோ மன்னிப்புக் கேட்கப்போகிறவன் போல நின்றான். கோல் கோல்தான், முதுகு என்ன, முட்டி என்ன. ஆனால் அதிலிருந்துதான் எனக்குத் தொல்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யமாக இருந்தபோது நிம்மதியாக இருந்தேன், இழக்க ஒன்றுமில்லை, டிரா ஆனாலும் நாங்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம், தோற்றாலும் இறங்கிவிடுவோம், ஜெயித்தால் மட்டும்தான் இங்கேயே இருப்போம், ஜெயிக்கப் போவதில்லை, ஆகையால் நிம்மதி. இப்போது ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இனி ஒரே ஒரு பந்து என்னைத் தாண்டிப் போனால் போதும். “இன்னா ஐஸு, பயந்துட்டியா” என்கிறான் வலைக்குப் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கும் டோல்கேட்காரன், வேர்க்கடலைப் பொட்டலத்தோடு ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து என் முதுகுக்கென்றே வந்து உட்கார்ந்திருக்கிறான். நான் ஐஸ் பேக்டரியில் வேலை செய்வது அவனுக்கு எப்படித் தெரியும், காசிமேட்டில் யாருக்கு யாரைத் தெரியாது. திரும்பாமலே கேட்கிறேன், “டைம் இன்னா ஆவுது?” “இன்னும் அர அவரு கீது நைனா, நீ தாங்க மாட்ட” என்கிறான், பொய், கொஞ்ச நேரத்துக்கு முன்னாலும் அரை மணி நேரம் என்றுதான் சொன்னான்.

வெயில். இந்த வெயிலைப் பற்றி நான் பேசக் கூடாது, பேச எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் அது நேராக என் முகத்தில் வந்து அடிக்கிறது, மைதானத்துக்கு அந்தக் கோடியில் கூட்ஸ் யார்டின் மதில், மதிலுக்கு மேலே கையகல உயரத்தில் சூரியன், அதற்குக் கீழே நடமாடுகிற எல்லாருமே கறுப்பாகத்தான் தெரிகிறார்கள், நம்மாள் யார், அவனாள் யார் என்று நடையை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இது எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட ஆப்பு. கிளப் ஆரம்பித்த புதிதில் முதல் ஆட்டத்தில் முதல் பாதியில் சர்ச் பக்கத்துக் கோலை நோக்கி அடித்து ஜெயித்தார்களாம், அதிலிருந்து டாஸ் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு சர்ச் பக்கம் என்று கேட்பது எங்கள் வழக்கம். முதல் பாதியில் அந்தப் பக்கம் அடித்தால் இரண்டாம் பாதியில் அந்தக் கோலை நாங்கள் காக்க வேண்டும், அப்போது சாயங்கால வெயில் எங்கள் கீப்பரின் கண்ணில் விழும், இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் மாற்றமாட்டோம், ராசி. இந்த ராசியில் நாங்கள் தோற்ற ஆட்டங்களை வரிசையாக நிற்க வைத்தால் பாரிமுனை வரைக்கும் போகும். மற்ற கிளப்புகள் இதைத் தெரிந்துகொண்டு டாஸ் அவர்களுக்கு விழுந்தாலும், உங்களுக்குப் பிடிச்ச பக்கமே எடுத்துக்கோங்க என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள், நாங்களும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். இன்றைக்குத்தான் அதிசயமாக மதி, டாஸுக்குப் போவதற்கு முன்னால் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, “எபிண்ணா, இன்னிக்கி மட்டும் மாத்திக் கேக்கட்டா? லாஸ்ட் மேட்ச்சு, உனக்கு வெயில் வேணாமே” என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செக்ரட்டரி குலசேகரன் அண்ணன்கூட உன் இஷ்டம் என்பது போலக் கையை விரித்தார், அவர்தான் ராசியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இப்போது சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கும், டோல்கேட் கீப்பரின் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருக்கும். நான் சொன்னேன், “வேணாம் மதி. பழக்கத்த மாத்தாத.” பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். சிநேகிதன் தனகோட்டி என் முதுகில் தட்டி, “இதாண்டா கீப்பரு” என்றான். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஏனென்றால் வெயில் எனக்கு வேண்டும். வெயில் இருந்தால்தான் என்னைத் தாண்டிப் போகிற பந்துக்கு வெயில் காரணம். வெயில் இல்லையென்றால் நான் காரணம், என் கண் காரணம், அது எல்லாருக்கும் தெரிந்துபோகும். ஒரு கிளப்பையே வெயிலில் நிறுத்திவிட்டு அதன் நிழலில் ஒளிந்துகொண்டிருக்கிறேன், யோசித்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது, யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை, பந்து எங்கே.

பந்து நடுவில் இருக்கிறது. தனகோட்டி காலில். அவன் எங்கள் ஸ்டாப்பர், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், எனக்கு முன்னால் மதில் மாதிரி நிற்பவன், வாயை மூடத் தெரியாதவன். பந்து அவனிடம் இருந்தால் அடுத்து எங்கே போகும் என்பது அவனுக்கும் தெரியாது, தூக்கி அடிப்பான், ஊருக்கு வெளியே போய் விழும். அடித்துவிட்டான். சந்தோஷம். த்ரோ அவர்களுக்கு. வலது பக்கம். எனக்கு வலது பக்கம் என்றால் தலையைத் திருப்ப வேண்டும், முழுசாகத் திருப்ப வேண்டும், தோளோடு திருப்ப வேண்டும். “இன்னாயா கோழி மாரி தலய திருப்பித் திருப்பிப் பாக்குற” என்கிறான் பின்னாலிருப்பவன், அவனுக்கு நல்ல கண். எங்கள் பையன்கள் இதை என்னுடைய ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ் பேக்டரியில்தான் முதலில் தெரிந்தது, சறுக்குப் பலகையில் மேலேயிருந்து வருகிற ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்து வண்டியில் தள்ள வேண்டும், தூக்கத்தில்கூடச் செய்வேன், அன்றைக்கு ஒரு பாளம் வலது பக்கமிருந்து வந்தது, வரவில்லை, அதாவது என்னைப் பொறுத்தவரை வரவில்லை, நேராக வந்து முட்டிக்குக் கீழே இடித்ததும்தான் அது இருப்பதே தெரிந்தது. விழுந்துபோய் உட்கார்ந்துகொண்டு, இது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் இருந்தவனைத் திட்டினேன். அவன் பாவம், நானா விட்டேன் என்றான். பிறகு மாடிப்படி, பிறகு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, பிறகு சாப்பிடும்போது வலது பக்கம் வைத்த தண்ணீர் டம்ளர், தினம் ஒன்று கவிழ்ந்தது. என் மனைவி ஜெசிந்தாதான் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருட்டறையில் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்து என்றாள் அந்த நர்ஸ் பெண். நான் கையில் பட்டனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன், ஒன்று வந்தது, அழுத்தினேன், அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை, மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மெதுவாக, “அண்ணே, தூங்கிட்டீங்களா?” என்றாள். அந்தக் கேள்வியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. கண்ணுக்குள் பிரஷர் என்றார் டாக்டர், வலது கண்ணில் நடுவில் ஒரு குழாய் அளவுக்குத்தான் பாக்கி, இடது கண்ணிலும் ஓரத்தில் ஆரம்பித்துவிட்டது, போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஐஸ் பேக்டரி என்றேன். கீப்பர் என்று சொல்லவில்லை. வெளியே வந்ததும் ஜெசிந்தா, “ஏன்யா அத்த சொல்லல?” என்றாள். அவர் கேட்டது வேலையைத்தானே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அது எனக்கு நடுவிலேயே தெரிந்தது.

வருகிறான். கரிமுல்லா. டோல்கேட்டின் பத்தாம் நம்பர், வாத்து மாதிரி காலை அகட்டி நடப்பான், அதனால் வெயிலிலும் இவன்தான் என்று கண்டுபிடித்துவிடலாம், அது ஒரு புண்ணியம். “எபி, ஏறாத, நில்லு, நில்லு” என்று தனகோட்டி கத்துகிறான். நிற்கிறேன். கரிமுல்லா இடது பக்கமாக வெட்டுகிறான், இடது பக்கம் எனக்குத் தெரிகிற பக்கம், அவனுக்குத் தெரியாது அது, தெரிந்தால் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வர மாட்டான், அடிக்கிறான், தரையோடு வருகிறது, விழுந்தேன், நெஞ்சுக்குள் வந்துவிட்டது, மண், வாயெல்லாம் மண், பந்து என்னிடம். கொஞ்ச நேரம் இப்படியே படுத்துக்கிடக்கலாம். பந்தைக் கட்டிக்கொண்டு படுப்பது மாதிரி ஒரு சுகம் இந்த உலகத்தில் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை, இதை ஜெசிந்தாவிடம் சொன்னால் அடிக்க வருவாள். ரெஃப்ரி எழுந்திரு என்கிறார். எழுந்து, மூச்சு விட்டு, நிதானமாக நடந்து, இன்னும் நிதானமாக, காலுறையை இழுத்து விட்டுக்கொண்டு உதைக்கிறேன். “நல்லா நடிக்கிற ஐஸு” என்கிறான் பின்னாலிருப்பவன், கடலை மெல்லுகிற சத்தத்தோடு. டைம் கேட்கிறேன். “இன்னும் அர அவரு.” இவனுக்கு வீட்டில் யாரும் இல்லையா.

நேற்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே ஜெசிந்தா சொன்னாள். “நாளையோட முடி. நீயே சொல்றியா, நா வந்து குலசேகர் அண்ணங்கிட்ட சொல்லட்டா?” நானே சொல்கிறேன் என்றேன். எப்போது என்றாள். ஆட்டம் முடிந்ததும் என்றேன். சத்தியமா என்றாள். அவள் சத்தியம் கேட்கிறவளே இல்லை. செய்து கொடுத்தேன். செய்து கொடுக்கும்போதே என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா, தோற்றுத்தானே போகப்போகிறோம் என்று போயிற்று. தோற்றால் கீழே இறங்குவோம். இறங்கினால் கிளப்பே இருக்காது, குலசேகரன் அண்ணன் போன வாரமே சொல்லிவிட்டார், “இத்தோட கடய சாத்திட வேண்டிதான் தம்பி, எனக்கும் ஒடம்பு முடில” என்று, மதிக்கு வேறு கிளப் காத்திருக்கிறது, மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒற்றை ரூமைப் பூட்டிச் சாவியை ஃபாதரிடம் கொடுத்துவிடுவோம். கிளப் இல்லையென்றால் கீப்பர் எதற்கு, கீப்பர் இல்லையென்றால் கண்ணைப் பற்றி யாரிடம் என்ன சொல்ல வேண்டும். நான் வெயிலால் கடைசி ஆட்டத்தில் கோல் விட்ட எபினேசராகவே இருந்துவிடலாம், ஊர் கொஞ்ச நாள் திட்டும், பிறகு டீக்கடையில் ஒரு டீ சொல்லும். கண் தெரியாதவன் என்று சொல்லாது. இதுதான் உண்மை, இதை இப்படி நேராக நான் இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை, தோற்றால் எனக்கு நல்லது. ஜெயித்தால் சொல்ல வேண்டும். மதியின் முதுகில் அந்தப் பந்து படாமல் இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். இப்போது நான் காப்பாற்றக் காப்பாற்ற, சொல்ல வேண்டிய நேரம் கிட்டே வந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் ஒன்றை விட்டுவிடலாமா. வலது பக்கம் வருகிற ஒன்றை. யாருக்குத் தெரியும், எனக்கே தெரியாது, விட்டேனா, தெரியாமல் போனதா என்று நானே சத்தியம் பண்ண முடியாது. சீ. தனகோட்டியைப் பார். சின்ன வயசில் மஞ்சள் காமாலை வந்து செத்துப் பிழைத்தவன், இன்றைக்கும் வெயிலில் ஓடினால் முகம் கறுத்துவிடும், அவன் அங்கே இரண்டு ஆளுக்கு நடுவில் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் நின்றுகொண்டு இப்படி யோசிக்கிறேன், இல்லை, பின்னால் நின்றுகொண்டு, எப்போதும் அவனுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. பேக்டரியில் நான் கொக்கி பிடிக்கிறவன், வீட்டில் டம்ளரைக் கவிழ்க்கிறவன், இந்த மூன்று கம்பத்துக்கு நடுவில்தான் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. இது போனால் நான் யார் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

கார்னர். இதைத்தான் வேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன், கார்னர், அதுவும் வலது பக்கத்துக் கொடியிலிருந்து. டோல்கேட்டின் ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், அவர்களுடைய கீப்பர்கூட வந்துவிட்டான், என் கோலுக்கு முன்னால் தேர்த்திருவிழாக் கூட்டம், எல்லாம் கறுப்பு, ஒருத்தன் என் காலை மிதிக்கிறான், ஒருத்தன் என் பனியனைப் பிடித்திருக்கிறான். கீப்பரும் வந்துவிட்டான் என்றால் நேரம் முடியப்போகிறது. பின்னாலிருப்பவனைக் கேட்க வேண்டியதில்லை, அவனே எழுந்து நிற்கிறான், கடலை மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது. கொடியைப் பார்த்தால் கூட்டம் தெரியாது, கூட்டத்தைப் பார்த்தால் கொடி தெரியாது, நல்ல கீப்பருக்கு இரண்டும் தெரியும், முன்பெல்லாம் எனக்கும் தெரிந்தது, அப்போது அதை ஒரு பாக்கியம் என்று யார் நினைத்தார்கள். ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். கொடியைப் பார்க்கிறேன், கை தூக்குகிறான், ஓடி வருகிறான், உதைத்துவிட்டான், பந்து கிளம்பிவிட்டது, ஒரு கணம் தெரிந்தது, அப்புறம் வெயிலுக்குள் போய்விட்டது. தலையைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. சூரியன் நேராக வந்து குத்தியது, ஒன்றுமே இல்லை, வெள்ளை, அதற்குள் “எபி” என்று தனகோட்டி கத்துவது கேட்கிறது, எபி என்றால் எங்கே, மேலேயா கீழேயா, ஒருத்தன் தலையில் பந்து படுகிற சத்தம், அது ரொம்பப் பக்கத்தில், எனக்குக் கண் கூசுகிறது, கூசியது, வேறொன்றும் தோன்றவில்லை, வெயிலை மறைக்கக் கையைத் தூக்கினேன், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் தூக்குவானே, அப்படி. கையில் ஏதோ வந்து இடித்தது. மணிக்கட்டு பின்னால் மடிந்தது. அப்புறம் ஒரு பெரிய சத்தம், எல்லாருடைய சத்தமும், யாருடைய சத்தம் என்று தெரியவில்லை, டோல்கேட் கத்தினாலும் அப்படித்தான் கேட்கும், எங்களாட்கள் கத்தினாலும் அப்படித்தான் கேட்கும். என் மேல் யாரோ விழுந்தார்கள், நான் தரையில் கிடந்தேன், திரும்பி வலையைப் பார்க்கப் பயந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்விட்டதா. போயிருந்தால் போகட்டும், வெயில். இல்லை, போகக் கூடாது. அந்த மண்ணில் கிடந்தபோது எனக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது, அது போயிருக்கக் கூடாது, நான் எல்லாரிடமும் சொல்லித் தொலைக்கிறேன், மைக் பிடித்துச் சொல்கிறேன், அது மட்டும் உள்ளே போயிருக்கக் கூடாது. “தொட்டுட்டாம்பா” என்றான் வலைக்குப் பின்னாலிருந்தவன், எனக்கில்லை, தனக்குத் தானே, அவ்வளவு நேரத்தில் முதல் முறையாக ஒரு மரியாதையோடு, “மேல தள்ளிட்டாம்பா.” தலையைத் தூக்கினேன். வலை காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு இன்னொரு கார்னர் இருந்தது, அது இடது பக்கத்திலிருந்து, வந்ததைத் தனகோட்டி எட்டி உதைத்தான், எப்போதும் போல ஊருக்கு வெளியே, அது எங்கேயோ போய் விழுவதற்குள் ரெஃப்ரி நீளமாக ஊதிவிட்டார். பிறகு நடந்தது எல்லாம் துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரிகிறது. மதி ஜெர்ஸியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறான். குலசேகரன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டுக்குள் ஓடி வந்து, யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் ரெஃப்ரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார், அவர் விடுங்க சார் விடுங்க சார் என்கிறார். எங்கள் தெருப் பையன்கள் எங்கிருந்தோ மேளத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். டோல்கேட்காரர்கள் கோட்டோரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், கரிமுல்லா மட்டும் வாத்து நடையில் வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், “இன்னாண்ணே கை இது, எப்டி பாத்த நீ அத்த? எனக்கே தெரில என் தலையில வுழுந்து எங்க போச்சுன்னு” என்றான். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது. என்னைத் தோளில் தூக்கினார்கள், மைதானத்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள், சர்ச் பக்கம் திரும்பியதும் வெயில் முதுகுக்குப் போய்விட்டது, எதிரே எல்லா முகமும் பளிச்சென்று தெரிந்தது, எல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. குலசேகரன் அண்ணன் கீழேயிருந்து கத்தினார், “கிளப்பு இருக்குதுடா. எபி இருக்கிற வரிக்கும் இருக்கும். இன்னும் அஞ்சு வருசம் இவந்தான் கீப்பரு, எவனா பேசுனீங்க, ஒதப்பேன்.” எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். நானும் அந்தக் கூச்சலுக்கு நடுவே சொன்னேன், “கண்ணு தெரிலண்ணே எனக்கு” என்று வாயைத் திறந்து சத்தமாகத்தான் சொன்னேன், மேளத்தில் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சொல்லிவிட்டேனா. ஜெசிந்தா கேட்டால் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் அவள் யார் கேட்டது என்று அடுத்ததாகக் கேட்பாள். மனது மறுபடியும் பழைய இடத்துக்கே போய் நொண்டுகிறது, இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு அவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும், நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அடுத்த சீசன் ஆரம்பிப்பதற்கு முன்னால், ரூமில் வைத்து நிதானமாக. நாளைக்குச் சொன்னால் என்ன. நாளைக்குச் சொல்ல மாட்டேன், அதுதான் என்ன. எனக்கு என்னைத் தெரியும்.

இறக்கிவிட்டதும் கூட்டம் மேளத்தோடு முன்னால் போயிற்று. தனகோட்டி நின்று எனக்காகக் காத்திருந்து, என் கிளவுஸை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூட நடந்தான். முகம் கறுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது, ஆனாலும் வாய் ஓயவில்லை, அந்தக் கார்னரை அவன் ஏற்கனவே இரண்டு தடவை சொல்லி முடித்து மூன்றாவது தடவை ஆரம்பித்துவிட்டான், நான் எப்படிக் காத்திருந்தேன், எப்படிக் கடைசி நொடியில் கையைக் கொண்டுபோனேன் என்று எனக்கே செய்து காட்டினான். நாளைக்குக் காலையில் இது டீக்கடைக்குப் போய்விடும், பிறகு கல்லில் எழுதினது மாதிரி ஆகிவிடும். “தனா” என்றேன். “அந்தப் பந்த நா பாக்கல.”

“தெரியும்டா. வெயிலு. அதாண்டா அதிசியமே.”

“வெயிலு கூசுச்சு, கைய வெச்சேன். அது வந்து பட்டுச்சு. அவ்ளோதான்.”

“சரி, பட்டுச்சு. மதி முதுவுலயுந்தான் பட்டுச்சு. இன்னிக்கி நமக்குப் பட்டுக்கினே கீது” என்று சிரித்தான். கையை ஆட்டிச் சிரித்தான், கிளவுஸ் கீழே விழுந்தது, எடுத்துத் தட்டினான்.

“வெயிலு மேல பழியப் போடாத. வலது பக்கம் எனக்குத் தெரில. ரொம்ப நாளா தெரில. ஆஸ்பத்திரில பாத்தாச்சு. போனது வராதாம். இன்னொரு கண்ணும் போயினு கீதாம். டாஸுக்கு முன்ன மதி கேட்டப்ப வேணாம்னு சொன்னன்ல, கோல் வுட்டா வெயிலு மேல போடலாம்னு சொன்னன்டா.”

அவன் நடை நின்றுவிட்டது. நானும் நின்றேன், அவன் பக்கம் திரும்பத் தைரியமில்லாமல் நேரே மேளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மேளக் கூட்டம் சர்ச் கேட்டைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது, யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். வலது பக்கத்தில் அவன் மூச்சு கேட்டது. ஓடி முடித்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. திட்டுவான் என்று நினைத்தேன், அவன் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அடித்தாலும் பரவாயில்லை.

“எத்தன வெரலு?” என்றான், ரொம்ப மெதுவாக.

“எங்க காட்ற?” என்றேன்.